ஆற்றுக்கும் ஒரு பங்கு

2002 அக்டோபரில், தெற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் மர்ரே ஆறு கடலைச் சேரும் இடத்தில் மணல்வாரி இயந்திரங்கள் வேலையைத் தொடங்கின. அலைகள் கொண்டுவந்து கொட்டும் மணல் முகத்துவாரத்தை மூடிக்கொண்டிருந்தது. அதைத் தள்ளிக் கடலுக்குள் அனுப்பும் வேகம் ஆற்றிடம் இல்லை. மணல் அள்ளும் வேலை 2010 டிசம்பர் வரை நடந்தது. 2015 ஜனவரியில் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. ஒரு கண்டத்தின் ஏழில் ஒரு பங்கு நிலத்து மழைநீரைச் சுமந்து வரும் ஆறு, தன் வாயைத் தானே திறந்து வைத்துக்கொள்ள முடியாமல் போனது எப்படி? அதை மீட்க அந்த நாடு என்ன செய்தது? ஆற்றை நம்பி வாழும் எந்த ஊரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

மர்ரே–டார்லிங் படுகையின் பரப்பு 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். காவிரிப் படுகையைப் போலப் பதின்மூன்று மடங்கு. ஆனால் அதில் ஓராண்டில் சராசரியாக ஓடிவரும் நீர் 1,100 டி.எம்.சி-யை ஒட்டித்தான் இருக்கும். காவிரியின் 740 டி.எம்.சி-யைப் போல ஒன்றரை மடங்கு. நிலம் அவ்வளவு விரிந்தது, நீர் அவ்வளவு குறைவு. அந்த நீரும் ஆண்டுக்கு ஆண்டு ஒரே மாதிரி வருவதில்லை. ஏழெட்டு ஆண்டு வறட்சி, பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளம் என்பதே அந்தப் படுகையின் இயல்பு. அங்குள்ள மரமும் மீனும் பறவையும் அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியே உருவாயின.

விவசாயத்துக்கு அந்த ஏற்ற இறக்கம் ஒத்துவராது. அல்பரி நகருக்கு அருகே 1936-இல் ஹியூம் அணை முடிந்தது. அது மேட்டூரைவிடச் சற்றே பெரியது. 1979-இல் அதற்கும் மேலே, மலைக்குள், இன்னும் பெரிய டார்ட்மத் அணை எழுந்தது. இடையில் ஆறு நெடுகிலும் கதவணைகள். கடைசியில், கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்க 1940-இல் ஐந்து தடுப்பணைகள். இத்தனையும் சேர்ந்து நெல்லும் பருத்தியும் திராட்சையும் பால்மாடுகளும் பெருகின. ஊர்கள் வளர்ந்தன. அந்த வளர்ச்சியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வறண்ட நிலத்தில் சோறு விளைவித்தவர்கள் அவர்கள். ஆனால் 1995-இல் அரசே எடுத்த கணக்கெடுப்பு சொன்ன செய்தி கடுமையானது. கடலைச் சேரும் நீர், சாதாரண ஆண்டில், இயற்கையில் இருந்ததில் 21 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. முன்பு நூற்றில் ஐந்து ஆண்டுகளில் மட்டுமே முகத்துவாரம் கண்ட கடும் வறட்சி, இப்போது நூற்றில் அறுபது ஆண்டுகளில் அதைப் பிடித்திருந்தது. மேலே மழை பெய்த ஆண்டிலும் ஆற்றின் கடைக்கோடிக்கு அது பஞ்ச ஆண்டுதான்.

அளவு குறைந்தது பாதிச் சேதம். மீதிச் சேதம் பலர் கண்ணில் படாதது: ஆற்றின் பருவமே தலைகீழானது. தென்கோளத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். அப்போது பெய்யும் மழையும், வசந்தத்தில் மலையில் உருகும் பனியும் சேர்ந்து, ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மர்ரே கரைபுரண்டு ஓடும். டிசம்பருக்குப் பின் கோடையில் வற்றி, இலையுதிர் காலத்தில் நூலாக ஓடும். பயிருக்குத் தண்ணீர் தேவைப்படுவது கோடையில். ஆகவே அணைகள் வசந்த வெள்ளத்தைப் பிடித்து வைத்துக் கோடையில் திறந்துவிடுகின்றன. வெள்ளம் வரவேண்டிய மாதத்தில் ஆறு அடங்கிக் கிடக்கிறது. வற்ற வேண்டிய மாதத்தில் நிறைந்து ஓடுகிறது. மொத்த அளவைக் கூட்டிப் பார்த்தால், ஹியூம் அணையை அடுத்துக் கீழே பெரிய குறை தெரியாது. அங்கு வாழும் உயிர்களைக் கேட்டால்தான் தெரியும்.

பார்மா–மில்லேவா காட்டை எடுத்துக்கொள்ளலாம். மர்ரேயின் இரு கரையிலும் ஏறத்தாழ 66,000 ஹெக்டேர் பரந்து கிடக்கும் அது, உலகிலேயே மிகப்பெரிய செம்யூகலிப்டஸ் காடு. ‘யூகலிப்டஸ் கமால்டுலென்சிஸ்’ என்ற அந்த மரம் நமக்கும் தெரிந்ததுதான். காகித ஆலைகளுக்காகத் தமிழ்நாட்டில் நட்டு வளர்க்கும் தைலமரங்களில் அதுவும் ஒன்று. இங்கே மானாவாரி நிலத்தில் வந்து நின்று நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று கெட்ட பெயர் வாங்கிய மரம், தன் சொந்த மண்ணில் வெள்ளத்தின் பிள்ளை. சில ஆண்டுக்கு ஒருமுறை வசந்த வெள்ளம் வேரை நனைத்து, சில மாதம் நின்று, பிறகு முழுதாக வடிய வேண்டும். வடிந்த சேற்றில் விதை முளைக்கும். கன்று கோடையைத் தாங்கும் அளவுக்கு வேர்விடும். வெள்ளமே வராவிட்டால் கிளை நுனியிலிருந்து காய்ந்து வரும். ஆண்டு முழுதும் தண்ணீர் நின்றாலும் வேர் மூச்சுமுட்டிச் சாகும்.

அந்தக் காட்டுக்குள் ஆறு மிகவும் குறுகலாகிறது. நாளொன்றுக்கு 7,000 மெகா லிட்டருக்கு மேல், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 2,860 கனஅடிக்கு மேல், அங்கே போனால் கரை வழிந்து காட்டுக்குள் பாயும். பழைய நாளில் அது வசந்தத்தில் நடந்தது. காட்டுக்கு உயிர் கொடுத்தது. அணைகள் வந்தபின், கீழே உள்ள பாசனத்துக்காகக் கோடை முழுதும் அந்தக் குறுகலை விளிம்புவரை நிரப்பி ஓட்டினார்கள். திடீரென மழை பெய்து, கீழே விவசாயிகள் தண்ணீர் வேண்டாம் என்று சொன்னால், ஏற்கெனவே வழியில் வந்துகொண்டிருக்கும் நீர் காட்டின் தாழ்வான பகுதிகளுக்குள் வழிந்தது. அப்படிக் கோடையில் நனைந்த இடங்களில் புல்வெளி அழிந்து கோரை ஏறியது. உயரமான இடங்கள் வசந்தத்தில் ஒரு சொட்டும் காணாமல் காய்ந்தன. ஒரே காட்டில், ஒரே ஆண்டில், சில மரம் தண்ணீரில்லாமலும் சில மரம் தண்ணீராலும் செத்தன.

மீன்களின் கதையும் இதுவே. கோல்டன் பெர்ச் என்ற மீன், நீர் வெதுவெதுப்பாகி ஆறு உயரும் நேரத்தில் முட்டையிடும். முட்டைகள் நீரோட்டத்தில் மிதந்துகொண்டே போய்ப் பொரிக்கும். குஞ்சுகள் பல நூறு கிலோமீட்டர் கீழே இறங்கும். வழியில் ஒரு கதவணை ஓட்டத்தை நிறுத்தி ஆற்றைக் குளமாக்கினால் முட்டை அடியில் படிந்து போகும். மர்ரே காட் வேறு ரகம். ஒரு மீட்டருக்கும் மேல் வளரும் இந்தப் பெரிய மீன், வசந்தத்தில் மூழ்கிக் கிடக்கும் மரப்பொந்தில் முட்டையிட, ஆண் மீன் காவல் இருக்கும். அந்தச் சில வாரங்களில் நீர்மட்டம் சட்டென்று இறங்கினால் கூட்டைக் கைவிட்டு அது போய்விடும். இன்னொரு தொல்லையும் உண்டு. பெரிய அணைகள் அடிமதகு வழியே திறக்கும் நீர், ஏரியின் ஆழத்திலிருந்து வருவதால், கோடையிலும் சில்லென்றிருக்கும். முட்டையிடும் காலம் வந்துவிட்டது என்பதை மீனுக்கு உணர்த்தும் வெப்பமே அங்கு எட்டாது.

1970-களில் ஆறுகளுக்கு ‘குறைந்தபட்ச ஓட்டம்’ என்று ஒரு கணக்கு வைத்தார்கள்: சராசரி ஓட்டத்தில் இத்தனை சதவீதம் ஆற்றில் விட்டால் போதும், மீன் பிழைத்துக்கொள்ளும். எளிய கணக்கு, அதனால் பரவியது. 1997-இல் லெராய் பாஃபும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை அந்த எண்ணத்தை மாற்றியது. ஓட்டத்தின் அளவு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அது வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது, எந்த மாதம் வருகிறது, எந்த வேகத்தில் ஏறி இறங்குகிறது என்ற ஐந்தும் சேர்ந்ததே ஆற்றின் இயல்பு என்று அவர்கள் வாதிட்டார்கள். சூழல் நீரோட்டம் என்று இன்று உலகெங்கும் பேசப்படும் அறிவியலுக்கு இதுதான் அடிப்படை. ஆற்றில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் ஓடவிடுவது வேறு. ஆற்றுக்கு வேண்டிய தண்ணீரை வேண்டிய மாதத்தில் வேண்டிய வடிவத்தில் தருவது வேறு.

ஆனால் தண்ணீர் முழுவதும் ஏற்கெனவே யாருக்கோ சொந்தமாக இருக்கும் படுகையில், ஆற்றுக்கு எங்கிருந்து எடுத்துத் தருவது?

ஆஸ்திரேலியாவைக் கண்திறக்க வைத்தது ஒரு பாசிதான். 1991-இன் இறுதியில் பார்வன்–டார்லிங் ஆற்றில் 1,000 கிலோமீட்டருக்கும் மேல் நீலப்பச்சைப்பாசி படர்ந்தது. ஓட்டம் நின்று தேங்கிய நீர், வயலிலிருந்து வந்த சத்துகள், கோடை வெயில் மூன்றும் சேர்ந்ததன் விளைவு. நச்சுப்பாசி, மாடுகூடக் குடிக்க முடியாது. நியூ சவுத் வேல்ஸ் அரசு அவசரநிலை அறிவித்தது. அதன் பிறகுதான் மாநிலங்கள் ஒன்றுகூடி 1995-இல், ‘இதற்கு மேல் ஆற்றிலிருந்து எடுக்கக் கூடாது’ என்று ஓர் உச்சவரம்பைக் கொண்டுவந்தன. அதற்கு முந்தைய ஆண்டு செய்யப்பட்ட இன்னொரு சீர்திருத்தம் அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை, ஆனால் பிற்பாடு எல்லாமே அதன் மேல்தான் நின்றது: நீருரிமையை நில உரிமையிலிருந்து பிரித்தார்கள். நிலத்தை விற்காமல் தண்ணீரை மட்டும் விற்கலாம் என்றாயிற்று. விவசாயியிடமிருந்து விவசாயி வாங்கலாம் என்றால், ஆற்றுக்காக அரசும் வாங்கலாம்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த நீண்ட வறட்சி, தயங்கிக்கொண்டிருந்தவர்களைப் பிடரியில் தள்ளியது. 2009-இல் முகத்துவாரத்தை ஒட்டிய அலெக்சாண்ட்ரினா ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே போனது. ஏரிக்கடியில் நீருக்குள் பத்திரமாக இருந்த கந்தகச் சேறு காற்றுபட்டதும் அமிலமாக மாறத் தொடங்கியது. அமிலத்தை முறிக்க விமானத்திலிருந்து சுண்ணாம்பு தூவினார்கள். கடலோரமாக நீண்டு கிடக்கும் கூரொங் உப்பங்கழியின் தென்பாகத்தில் உப்பு, கடல்நீரைப் போல நான்கு மடங்குக்கும் மேல் ஏறியது. தடுப்பணைகள் 2007 முதல் 2010 வரை மூடிக் கிடந்ததால், காங்கோலி என்ற இனத்தின் பெண் மீன்கள் முட்டையிடக் கடலுக்குப் போக வழியில்லாமல் நின்றன. அந்த ஆண்டுகளில் குஞ்சுகள் ஏறக்குறைய இல்லாமலே போயின. கடலில் கலக்கும் ஆற்றுநீர் வீண் என்று நினைப்பவர்களுக்கு இந்த மூன்று ஆண்டுகள் போதிய பதில். நீரோடு உப்பும் கடலுக்குப் போகிறது. படுகையிலிருந்து ஆண்டுக்கு 20 லட்சம் டன் உப்பு வெளியேற வேண்டும் என்பது அங்கே சட்டபூர்வமான இலக்கு. அந்த உப்பு கடலுக்குப் போகாவிட்டால் வயலிலும் குடிநீரிலும்தான் தங்கும்.

2007-இல் நாடாளுமன்றம் நீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தின் உள்ளே எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரு பதவி: சூழல் நீருக்கான பொறுப்பாளர். வாங்கிய நீருரிமை முழுவதும் அவர் பெயரில் இருக்கும். பக்கத்து விவசாயியின் உரிமைக்கு என்ன விதியோ அதே விதி அவருக்கும். நல்ல ஆண்டில் முழுப் பங்கு; வறண்ட ஆண்டில் வெட்டு. இந்த ஆண்டு மிஞ்சியதை அணையில் வைத்து அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். யாரிடமும் போய் ‘மிச்சம் இருந்தால் கொடுங்கள்’ என்று நிற்க வேண்டியதில்லை. சுற்றுச்சூழலைக் காப்போம் என்று கொள்கை அறிக்கையில் எழுதிவைப்பதற்கும், அணையிலுள்ள நீரில் இவ்வளவு ஆற்றுடையது என்று கணக்கில் எழுதிவைப்பதற்கும் உள்ள தூரம் மிகப்பெரியது. அந்தத் தூரத்தைக் கடந்த நாடுகள் மிகக் குறைவு.

எவ்வளவு திரும்பத் தருவது என்பதில் சண்டை மூண்டது. 2010-இல் படுகை ஆணையம் வெளியிட்ட வழிகாட்டி ஆவணம் 3,000 முதல் 7,600 கிகா லிட்டர் வரை தேவை என்றது. நீர்ப்பாசனத்தையே நம்பியிருக்கும் கிரிஃபித் நகரில் அந்த ஆவணத்தைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். தண்ணீர் வெளியேறினால் அரிசி ஆலை மூடும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறையும், கடைத்தெரு காலியாகும் என்ற அவர்களின் பயம் பொய்யல்ல. சில ஊர்களில் அப்படி நடக்கவும் செய்தது. 2012 நவம்பரில் கையெழுத்தான படுகைத் திட்டத்தில் எண் 2,750 கிகா லிட்டராக இறங்கியிருந்தது. நம் கணக்கில் 97 டி.எம்.சி. ஆண்டுக்கு 13,623 கிகா லிட்டராக இருந்த பயன்பாட்டை 10,873 ஆகக் குறைப்பதே திட்டம். அந்த எண்ணைத் தீர்மானித்ததில் அறிவியலைவிட அரசியலுக்குப் பங்கு அதிகம் என்று 2019-இல் தெற்கு ஆஸ்திரேலிய விசாரணை ஆணையம் கடுமையாகவே எழுதியது. முன்பு படுகை ஆணையமே போட்ட கீழெல்லைக்கும் கீழே போன எண்ணை, சமரசம் என்று சொல்லலாம். போதுமானது என்று சொல்ல முடியாது.

சரி, உரிமை கையில் இருக்கிறது. அதை ஆறாக மாற்றுவது எப்படி? இந்த இடத்தில்தான் இந்த அறிவியல் கைவேலையாகிறது.

பார்மா–மில்லேவா காட்டை நனைக்க அணையைத் தானாகத் திறப்பதைவிட, ஒரு மழைக்குக் காத்திருப்பது நல்லது. கிளையாறு ஒன்றில் மழைவெள்ளம் கிளம்பியதும், அது காட்டைச் சேரும் நாளைக் கணித்து, அதே நாளில் போய்ச் சேரும்படி ஹியூம் அணையிலிருந்து நீரைத் திறக்கிறார்கள். சிறு வெள்ளத்தின் மேல் இந்த நீரை ஏற்றிப் பெரு வெள்ளமாக்குகிறார்கள். இல்லையென்றால் நான்கு நாளில் வடிந்துவிடும் வெள்ளத்தை நாற்பது நாளுக்கு நீட்டுகிறார்கள். இறக்கத்தையும் மெதுவாகவே செய்கிறார்கள். கதவைச் சட்டென்று இறக்கினால் கரை சரியும், மீன் தாழ்வான குட்டைகளில் சிக்கும். காட்டுக்குள் பாய்ந்த நீரில் பெரும்பகுதி மீண்டும் ஆற்றுக்குத் திரும்பி வருகிறது. வரும்போது அழுகிய இலையின் சத்தையும் நுண்ணுயிரிகளையும் மீன்களுக்கு உணவாகக் கொண்டுவருகிறது. அதே நீர் கீழே இன்னொரு ஈரநிலத்தை நனைத்து, கடைசியில் கூரொங்கைச் சேர்ந்து, முகத்துவாரத்தின் மணலையும் தள்ளலாம். ஒருமுறை திறந்த நீருக்கு நான்கைந்து இடத்தில் வேலை. ஆனால் அது அத்தனை தூரமும் போய்ச் சேர வேண்டுமென்றால், வழியில் யாரும் மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது. வடக்கே பார்வன்–டார்லிங்கில் அதற்கான விதி பல ஆண்டுகள் இல்லாமலே இருந்தது. அரசு பணம் கொடுத்து வாங்கி ஆற்றில் விட்ட நீரை, அடுத்த பண்ணை சட்டப்படியே எடுத்துக்கொள்ள முடிந்தது. 2017-இல் தொலைக்காட்சிப் புலனாய்வு ஒன்று அங்கு நடந்த நீர்த்திருட்டை வெளிக்கொணர்ந்த பிறகுதான் மீட்டரும் கண்காணிப்பும் இறுகின.

பறவைகளுக்காகத் தண்ணீர் விடுவது இன்னும் நெருக்கடியான வேலை. வைக்கோல்கழுத்து அரிவாள்மூக்கன் என்று சொல்லத்தக்க ஒரு பறவை, வெள்ளம் பரவிய சதுப்பில் ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடிக் கூடு கட்டும். அடியில் நீர் நிற்கும்வரை கூடு பத்திரம். நரியும் பன்றியும் நெருங்காது. நீர் வடியத் தொடங்கினால் குஞ்சு பறக்கும் முன்பே தாய்ப்பறவைகள் மொத்தமாகக் கிளம்பிவிடும். 2008-இல் நியூ சவுத் வேல்ஸின் வடமேற்கில் நெரன் ஏரிகளில் ஏறத்தாழ 74,000 கூடுகள் நிறைந்திருந்த நேரத்தில் நீர் இறங்க ஆரம்பித்தது. படுகை ஆணையம் மேலே குயின்ஸ்லாந்தில் ஒரு பண்ணை சேமித்து வைத்திருந்த நீரில் ஏறத்தாழ 10 கிகா லிட்டரை விலைக்கு வாங்கி ஆற்றில் விட்டது. நம் கணக்கில் ஒரு டி.எம்.சி-யில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். குஞ்சுகள் பறந்தன. சரியான வாரத்தில் வந்த கொஞ்சம் தண்ணீர், தவறான மாதத்தில் வரும் பெருவெள்ளத்தைவிட எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இத்தனை செய்தும் தோல்விகள் உண்டு. அவற்றை மறைத்துப் பேசினால் இந்த அறிவியலுக்கே கேடு. 2018 டிசம்பருக்கும் 2019 ஜனவரிக்கும் இடையே டார்லிங் ஆற்றில் மெனிண்டீ என்ற சிற்றூருக்கு அருகே மூன்று முறை மீன்கள் செத்து மிதந்தன. எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டிருக்கலாம் என்கிறார்கள். காரணம் எளிமையானது, கொடுமையானது. ஓட்டம் நின்ற ஆற்றில் வெயில்பட்ட மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிராகவும் பிரிந்து நின்றது. மேலே பாசி தழைத்தது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்தது. குளிர்காற்று ஒன்று வீசியதும் மேல்நீர் குளிர்ந்து இரண்டும் கலந்தன. மீன்கள் ஒண்டியிருந்த மெல்லிய மேலடுக்கிலும் ஆக்சிஜன் போயிற்று. பல பத்தாண்டுகள் வாழ்ந்த மர்ரே காட் மீன்களை மனிதர்கள் கையில் ஏந்தி நின்ற படங்கள் நாட்டையே உலுக்கின. சிறிய ஓட்டம் ஒன்று தொடர்ந்து இருந்திருந்தால் அந்த அடுக்குகள் பிரிந்தே இருக்காது. 2023 மார்ச்சில் அதே ஊரில், இந்த முறை வெள்ளம் வடிந்த பின், மறுபடி மீன்கள் லட்சக்கணக்கில் அல்ல, கோடிக்கணக்கில் செத்தன.

வெள்ளமும் கொல்லும் என்பது புதிராகத் தோன்றும். பல ஆண்டு நனையாத காட்டில் இலைச்சருகு மலைபோல் குவிந்து கிடக்கும். கோடை வெள்ளம் அதன் மேல் ஏறினால், சருகு தேநீர்போல ஊறிக் கரிய நீராக ஆற்றுக்குள் இறங்கும். அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை முழுவதுமாகத் தீர்த்துவிடும். 2010–11-இலும் 2016-இலும் அப்படி நடந்தது. அதற்கும் மருந்து அடிக்கடி வரும் சிறு வசந்த வெள்ளமே. சருகு சேரச் சேரக் கழுவப்பட்டுவிடும். குளிர்ந்த நீரில் அழுகலும் மெதுவாக நடக்கும். இங்கும் மாதம்தான் கேள்வி.

இன்னொரு தடை நிலத்தில் இருக்கிறது. காட்டை நனைக்கும் அளவுக்கு ஆற்றை உயர்த்தினால் சில தாழ்ந்த பாலங்கள் மூழ்கும், சில மேய்ச்சல் நிலங்களில் நீர் ஏறும். அந்த நில உரிமையாளர்களோடு பேசி, இழப்பீடு கொடுத்து, பாலத்தை உயர்த்தும் வேலை பத்தாண்டுக்கும் மேலாக இழுக்கிறது. அதனால் பொறுப்பாளர் கையில் நீர் இருந்தும், வெள்ளமாக விட அனுமதி இல்லை. இந்தத் தலைவலியைத் தவிர்க்க வேறு வழி கண்டார்கள்: ஹாட்டா ஏரிகளுக்கு மோட்டார் வைத்து இறைப்பது, சௌவில்லா சமவெளியில் கதவணை கட்டி நீரைத் தேக்குவது. குறைந்த நீரில் அதிக மரம் பிழைக்கும் என்று சொல்லி, திரும்பத் தர வேண்டிய 2,750-இல் 605 கிகா லிட்டரைக் கழித்துக்கொள்ளவும் திட்டம் போட்டார்கள். வறட்சியின் உச்சத்தில் ஒரு சதுப்பைக் காப்பாற்ற மோட்டார் உதவும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேங்கிய நீர் ஓடும் நீருக்கு ஈடாகாது. ஓடும் வெள்ளம் முட்டையைச் சுமக்கிறது, உப்பைக் கழுவுகிறது, காட்டையும் ஆற்றையும் கடலையும் சேர்க்கிறது. மோட்டார் மரத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுகிறது.

இந்தக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் முன்னால் அங்கிருந்தவர்கள் யோர்ட்டா யோர்ட்டா, நாரின்ஜெரி, பார்க்கின்ஜி போன்ற தொல்குடி மக்கள். அணையும் கால்வாயும் வந்தபோது யாரும் அவர்களைக் கேட்கவில்லை. நீருரிமையைப் பிரித்து விற்றபோதும் கேட்கவில்லை. 2007-இல் எச்சூக்கா நகரில் அவர்கள் வெளியிட்ட அறிவிப்பு, தங்கள் பண்பாட்டுக்கும் வாழ்க்கைக்குமான நீர் தங்களுக்கே உரிமையாக வேண்டும், அதைத் தாங்களே ஆள வேண்டும் என்று கோரியது. படுகையின் நீருரிமையில் அவர்கள் கையில் இருப்பது இன்றும் மிகச் சொற்பம். எந்த மாதம் எந்த மீன் ஏறும், எந்தப் புல் எப்போது பூக்கும் என்பதை ஆய்வாளர்கள் கருவி வைத்து அளக்கத் தொடங்குவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே அறிந்தவர்களை ஓரத்தில் நிறுத்திவிட்டு ஆற்றை மீட்பது நியாயமும் இல்லை, புத்திசாலித்தனமும் இல்லை.

2023 இறுதியில் அந்த நாடு சட்டத்தைத் திருத்தி, ஆற்றுக்காக அரசு விலைக்கு வாங்கும் நீருக்கு இருந்த வரம்பை நீக்கியது. வேலை முடியவில்லை. ஆனாலும் காங்கோலி மீண்டும் கடலுக்குப் போய்வருகிறது. மர்ரேயின் வாயிலிருந்து ஹியூம் அணை வரை 2,200 கிலோமீட்டருக்கும் மேல் கதவணைகளில் மீன்வழிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு காலத்தில் ஆற்றுக்கென ஏறக்குறைய உரிமையே இல்லாதிருந்த படுகையில் இன்று நீர்க்கணக்கில் ஆற்றின் பெயர் இருக்கிறது.

நம் காவிரிக்கும் காகிதத்தில் ஒரு பங்கு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2007 பிப்ரவரி 5 அன்று வந்த நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு, 740 டி.எம்.சி-யைப் பிரித்தபோது 10 டி.எம்.சி-யைச் சுற்றுச்சூழலுக்கென்றும், 4 டி.எம்.சி-யைத் தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போகும் நீரென்றும் ஒதுக்கியது. பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டும் என்று சொன்ன 192 டி.எம்.சி-க்குள் அந்தப் பத்தும் அடக்கம். 2018-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களின் பங்கை மாற்றியபோதும் இந்தப் பத்தைத் தொடவில்லை. தண்ணீர் தகராறு வரும் ஒவ்வோர் ஆண்டும் குறுவைக்கு எவ்வளவு, சம்பாவுக்கு எவ்வளவு என்று கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். அதோடு இன்னொன்றையும் கேட்போம். ஆற்றின் அந்தப் பத்து டி.எம்.சி எந்த மாதத்தில், எத்தனை நாள், கொள்ளிடத்தின் எந்த மதகு வழியே போகும்? முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு அதில் எவ்வளவு? அதைக் கணக்கு வைத்துப் பொறுப்பேற்கும் அதிகாரி யார்? கடைமடை விவசாயியும் பழையாற்று மீனவரும் கல்லூரி ஆய்வாளரும் சேர்ந்து இந்தக் கேள்வியை அடுத்த பாசனப் பருவத்துக்கு முன்பே அரசின் முன் வைக்க வேண்டும்.